உப்பில் போட்ட கட்டி

ஒரு பெண்ணின் தொடையிலிருந்து வெட்டியெடுத்த கட்டியைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எந்த நாட்டு அதிகாரியும் உள்ளே விடமாட்டான். ஆகவே 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'உறவினரைச் சந்தித்தல்' என்று எழுதினேன். பொய்யும் அல்ல. கட்டியை வெட்டிய டாக்டர் என் அண்ணன் மகள் கோமதி.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில். பிழைத்தது கொழும்பில். அங்கே அரசாங்க ஆய்வகத்தில், மனித உடம்பிலிருந்து அறுத்தெடுத்து அனுப்பும் சதைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று பெயர் சொல்வது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எனக்கு எதையும் அனுப்புவதில்லை. பிறந்த ஊருக்குப் போகவும் விசா வாங்க வேண்டிய மனிதனாகிவிட்டேன். இந்த இரண்டு வருத்தங்களில் எது பெரிது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, முதல் நாளே சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். எதற்கும் ஒரு முறை உண்டு.

இந்தியக் கரையில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளைத் தூள்.

"என்ன இது?"

"பெர்அயோடிக் அமிலம்."

"அப்படின்னா?"

"சதையில் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் போடுவது."

அவர் என்னையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற இன்னொருவர், "துணிக்குச் சாயம் போடுறவர் போலிருக்கு, விடுங்க சார்" என்றார். முப்பது வருட உத்தியோகம் ஒரே வாக்கியத்தில் சாயப்பட்டறைக்குப் போனது. நான் மறுக்கவில்லை. குப்பி திரும்பிக் கிடைத்தது.

அங்கிருந்து பஸ் பிடித்துத் தூத்துக்குடியில் இறங்கியதும் காற்றில் உப்பு, மீன், எங்கிருந்தோ வரும் பேக்கரி வாசனை. கோமதி வீட்டில் எனக்காகச் சொதி வைத்திருந்தாள். கொழும்பில் சொதி என்றால் தேங்காய்ப்பால் தண்ணீர். இங்கே அதில் பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சி எல்லாம் சேர்ந்து கல்யாண வீட்டுத் தோரணை வந்துவிடுகிறது. இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

பிலோமினா. இருபத்து நான்கு வயது. புருஷன் சவரிமுத்து, கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவன். இரண்டு வருடமாகத் தொடையில் ஒரு கட்டி. வலியில்லை. வலிக்காத கட்டியை யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. வலிக்கும் கட்டியையே காட்டுவதில்லை. சேலைக்கு மேல் தெரிய ஆரம்பித்ததும் கோமதி வேலை பார்க்கும் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கத்தி வைத்ததும் ரத்தம் குழாய் உடைந்த மாதிரி வந்தது. கோமதி ஒரு எலுமிச்சை அளவு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உள்ளேயே விட்டுத் தைத்துவிட்டாள்.

"அந்தத் துண்டை ஃபார்மலின்ல போட்டு, சவரிமுத்துகிட்ட கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் சித்தப்பா. 'சோதனைக்கு லாயக்கில்லை'ன்னு திருப்பிட்டாங்க. இன்னொரு தடவை கத்தி வைக்க அங்கே யாரும் தயாரா இல்லை, ரத்தத்துக்குப் பயம். பெரிய டாக்டர் சொல்றது ஒண்ணுதான். 'பேர் தெரியாத கட்டி. இடுப்போட காலை எடுத்துரலாம், அதுதான் பத்திரம்.' "

"ஏன் லாயக்கில்லை?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மருந்து இல்லை. புட்டி நிறைய உப்பு. நடுவில், கருவாட்டுத் துண்டு போல இறுகிச் சுருங்கி, பிலோமினாவின் கட்டி.

நான் எத்தனையோ விதமாகக் கெட்ட துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். சாராயத்தில், மண்ணெண்ணெயில், ஒரு முறை தேனில். உப்பில் பார்த்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிலோமினாவைப் பார்த்தேன். மெலிந்த, பெரிய கண்ணுள்ள பெண். கட்டில் ஓரத்தில் மாமியார் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் நின்றவன் சவரிமுத்து. அகன்ற மார்பு, உப்புநீரில் சிவந்த கண்.

"இவர்தான் என் சித்தப்பா. கட்டியைப் பார்த்துப் பேர் சொல்லுவார்" என்றாள் கோமதி.

"பேரு வைக்கவா கப்பலேறி வந்திய?" என்றாள் பிலோமினா. "ரெண்டு வருசமா தொடையில குடியிருக்கு. ஒத்தக் காசு வாடகை தரல. நல்ல பேராப் பாத்து வையிங்கய்யா."

"ஏளா, பெரியவுககிட்ட என்ன பேச்சு" என்று மாமியார் அதட்டினாள்.

"நான் சிரிக்கலன்னா இவுக அழுதிருவாக" என்று புருஷனைக் கண்ணால் காட்டினாள் பிலோமினா. அவன் வெளியே போய்விட்டான்.

"மார்பு எக்ஸ்ரே எடுத்தாயா?" என்று கோமதியிடம் கேட்டேன். அங்கே உள்ள எந்திரம் மழைக்காலத்தில் கெட்டது, இன்னும் சரி பண்ணவில்லை. இருமலும் இல்லையே என்று விட்டுவிட்டாளாம். என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

புட்டியில் இருந்ததை மெல்லக் கழுவி உப்பைப் போக்கி, புது ஃபார்மலினில் போட்டேன். இனி நம்பிக்கை ஒன்றுதான். ஃபார்மலின் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக ஊறும். உப்பில் விழுவதற்கு முன் கட்டி அதில் பாதி நாளாவது கிடந்திருந்தால், மேல் விளிம்பில் நகத்தின் கனத்துக்குச் சதை பதப்பட்டிருக்கும். மாம்பழம் அழுகிவிட்டது, தோலை வைத்து என்ன ஜாதி என்று சொல்ல வேண்டும்.

பாதி நாள் கிடந்ததா என்று தெரிந்தவன் சவரிமுத்து ஒருவன்தான். "பழைய முத்துக்குளிப்புக் கரையைக் காட்டு" என்று அவனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் உப்பளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்து, பீடி பற்றவைத்தார். கண்டக்டர், "அண்ணாச்சி, எப்ப கெளம்பும்?" என்று பயணிகளைப் பார்த்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கொழும்பில் கண்டக்டர்கள் தங்கள் அறியாமையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்வதில்லை. நாங்கள் நடந்தோம். இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள், கண் கூசியது.

கரையில் ஒன்றுமில்லை. மணல், உடைந்த சிப்பி ஓடுகள், காயும் வலைகள். முத்துக்குளிப்பு நின்று பல வருடம். சவரிமுத்து இளவட்டமாக இருந்தபோது கடைசிக் குளிப்பில் மூழ்கியவன்.

"சிப்பிய எடுத்ததும் முத்து கெடைக்காதுய்யா. குவிச்சுப் போட்டு அழுக விடணும். ஈ மொய்க்கும், புழு வைக்கும், ஊரே நாறும். சதை தண்ணியாப் போனதும் அலசுனாத்தான் முத்து. சங்குக்கும் அதேதான்."

"அந்தப் புட்டியை ஏன் திறந்தாய்?"

அவன் மணலைக் காலால் தள்ளினான். "பஸ்ஸுல நாத்தம் வந்துச்சு. மூடியத் தொறந்தா கண்ணக் கரிக்கு. கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். சதை தண்ணியில கெடந்தா அழுவத்தானய்யா செய்யும்? அவ சதைல்லா. பெரிய ஆசுபத்திரியில போயி புழு வச்சதையா கொடுக்க? எறங்கித் தண்ணியக் கொட்டிட்டு, கடையில நல்ல உப்பா வாங்கிப் போட்டேன். கருவாட்டுக்குப் போடுத உப்பு இல்லய்யா. நயம் உப்பு."

"எப்போது கொட்டினாய்? காலையிலா, மத்தியானமா?"

"காலைல டாக்டரம்மா கொடுத்தாக. நான் கொட்டும்போது வெயில் சாஞ்சிட்டு."

பாதி நாள். எனக்குப் போதும். அவனிடம் சொல்லவில்லை. தன் உப்பால் அவளுக்குக் கேடு வந்ததா என்றுதான் அவன் கேட்க வந்தான்; அதைக் கட்டியின் பெயர் தெரிந்த பிறகே சொல்ல முடியும்.

திரும்பும் வழியில் பழைய துறைமுகத்தில் கொழும்புக்குப் போகும் தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடலைத் தாண்ட வாங்கிய முத்திரைகளில் ஒன்றுகூட அந்த வெங்காயத்துக்குத் தேவையில்லை.

அடுத்த சிக்கல், துண்டை மெழுகில் பதித்துத் தாளைவிட மெல்லிய சீவலாகச் சீவும் கருவி. ஆஸ்பத்திரியில் கிடையாது. ஊர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் இருந்தது. துறைத் தலைவர் அம்மையார் என் பழைய பதவியைக் கேட்டு எழுந்து நின்றார். காரியத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மனுஷச் சதையா? இதிலே நாங்க கரப்பான் பூச்சியும் மண்புழுவும்தான் சார் சீவுவோம்."

"கத்திக்கு வித்தியாசம் தெரியாது அம்மா."

"பிராக்டிகல் பரீட்சைக்குள்ளே திருப்பித் தந்துடணும். கத்தி மழுங்கினா நீங்க பொறுப்பு."

ஏற்றுக்கொண்டேன். சாராயத்தில் ஊறவைத்து நீரெடுத்து, மெழுகில் ஊறவைத்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செய்தேன். நடுப்பகுதி உப்பு தின்ற வெறும் நார். அது சீவும்போதே பொடிந்தது. விளிம்பு நின்றது.

ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களும் அதே கல்லூரியில் கிடைத்தன. முதல் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, பல வருடம் பார்க்காத ஒருவரைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாக, ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய். நுரையீரலின் காற்றறைகள் போன்ற அமைப்பு. என் உத்தியோகக் காலம் முழுவதிலும் இதை விரல்விட்டு எண்ணும் அளவே பார்த்திருக்கிறேன். அனேகமாக எல்லாம் இளம் பெண்கள், தொடைதான். அல்வியோலார் சாஃப்ட் பார்ட் சர்கோமா, சதையில் வரும் அரிய புற்றுநோய். பிலோமினா கேட்ட நல்ல பெயர் இதுவல்ல.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. இந்தக் கட்டியின் செல்களுக்குள் ஊசி ஊசியாகச் சிறு படிகங்கள் இருக்கும்; சுங்க அதிகாரி சந்தேகப்பட்ட அந்தத் தூளைப் போட்டுச் சாயமேற்றினால் சிவப்பாகத் தெரியும். சாயத்தை, காசநோய்க் கிருமியைப் பார்க்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்த சிவப்புச் சாயப் பொடியிலிருந்து நானே காய்ச்சினேன். ஆனால் செல்லில் உள்ள மாவுச்சத்தும் அதே சிவப்பைக் காட்டும். முதலில் அதைக் கரைக்க வேண்டும். அதற்கான மருந்து ஊரில் இல்லை. நான் தகட்டின் மேல் துப்பினேன்.

"சித்தப்பா!" என்றாள் கோமதி.

"எச்சில் மாவைக் கரைக்கும். படிகத்தைக் கரைக்காது. புத்தகத்தில் இருக்கிறது."

"புத்தகத்துல துப்பச் சொல்லியிருக்கா?"

"கௌரவமான வார்த்தையில்."

அவள் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். கழுவிச் சாயமேற்றிப் பார்த்தோம். மாவு போயிருந்தது. ஊசிகள் சிவப்பாக அப்படியே கிடந்தன. அவள் பார்த்துவிட்டு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலருகே நின்றாள்.

"இது எங்கே போகும் சித்தப்பா?"

"நுரையீரலுக்கு. சத்தமில்லாமல். இருமல் வருவதற்கு முன்பே."

மறுநாள் ஊரில் தனியார் ஒருவர் வைத்திருந்த எக்ஸ்ரே நிலையத்துக்குப் பிலோமினாவைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் கூட்டிப் போனோம். சவரிமுத்து ரிக்‌ஷாவின் பக்கத்தில், அதன் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்து வந்தான். குழி வந்த இடத்திலெல்லாம் வண்டியைத் தூக்குவது போல அழுத்திப் பிடித்தான்.

எக்ஸ்ரே எடுப்பவர் அவளைப் பலகையோடு நிறுத்தி, "மூச்சை நல்லா இழுத்து, அப்படியே பிடிம்மா" என்றார்.

பிலோமினா கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கேட்டியளா? உங்க தொழிலை என்னைச் செய்யச் சொல்லுதாக!" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். படம் கலங்கிப் போனது. எக்ஸ்ரேக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தகடு போட்டார்.

"சிரிக்காம புடி ளா" என்றான் சவரிமுத்து. "தலையத் தண்ணிக்குள்ள விட்டாச்சுன்னு நெனச்சுக்க. நான் கயிறு புடிச்சிருக்கேன்." கயிற்றைப் பிடிப்பது போலக் கையை மூடிக்கொண்டு நின்றான்.

அவள் மூச்சைப் பிடித்தாள். அவனும் பிடித்தான். 'கிளிக்' என்றதும் அவள் இருமினாள். அது முதல் இருமல் அல்ல என்று அவன் முகத்தில் தெரிந்தது. வீட்டில் இருமியதை ஆஸ்பத்திரியில் மறைத்திருக்கிறாள்.

படத்தை ஈரத்தோடு ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பட்டாணி போல, கொண்டைக்கடலை போல உருண்டைகள். கீழே ஒன்று எலுமிச்சை அளவு. மிக மெதுவாக வளரும் ஜாதி இது. இவ்வளவு பெரிதாக வேண்டுமானால், அவள் கோமதியிடம் வருவதற்கு வெகு காலம் முன்பே குடியேறியிருக்க வேண்டும்.

இதன் பிறகு காலை எடுப்பதில் அர்த்தமில்லை. பெரிய டாக்டருக்குக் கோமதி தகவல் சொன்னாள், அவரும் ஒத்துக்கொண்டார். வார்டில் வந்து, "காலை எடுக்க வேண்டாம்னு முடிவாயிட்டு" என்றாள். அடுத்த வாக்கியத்துக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் "மாதாவே, கைவிடலியே!" என்று தரையில் முழங்காலிட்டாள். பிறகு எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பேக்கரிப் பொட்டலம். வார்டு முழுக்க மக்ரூன் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளையும். வாயில் வைத்ததும் கரைந்துவிடும் பண்டம். எனக்குக் கரையவில்லை. வைத்துக்கொண்டே நின்றேன்.

மாமியார் அடுத்த வார்டுக்குப் போனதும், பிலோமினா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"வெட்டாம விட்டது நல்லதுக்கா, கெட்டதுக்கா அய்யா?"

கொழும்பில் நான் நோயாளிகளைப் பார்த்ததே இல்லை. சதைதான் வரும், பெயரெழுதி அனுப்புவேன். அந்தப் பெயரைப் படித்துக் காட்டும் வேலை வேறு யாருடையதோ. எனக்குத் தெரிந்த எந்த முறையிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

"நெஞ்சுக்குப் போய்விட்டது அம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "இருமும்போதே நெனச்சேன்." மாமியார் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள். "ஒண்ணு செய்யணும் நீங்க. அவுக உப்பப் போட்டதாலதான் நேரம் தப்பிப் போச்சுன்னு ஊர்ல பேசுதாக. என் மாமியாரே ஒரு நா சொல்லிட்டாக. நான் போன பொறவு அவுக அந்த உப்பத் தூக்கிக்கிட்டேதான் அலைவாக. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனப்பாக. நீங்க கப்பலேறி வந்தவுக. நீங்க சொல்லிட்டுப் போங்க."

சவரிமுத்துவைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, எலுமிச்சையைக் காட்டினேன். இது என்ன, எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கோமதி சொல்லாமல் நிறுத்திய வாக்கியங்களை நானே சொன்னேன். பிறகு, "உப்பினால் ஒன்றும் ஆகவில்லை. நீ புட்டியை வாங்கிய அன்றைக்கே இவை எல்லாம் அவள் நெஞ்சில் இருந்தன. மருந்துத் தண்ணியிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் இதே பெயர்தான், இதே முடிவுதான்" என்றேன்.

"சத்தியமாவா அய்யா?"

"நான் ஆறுதல் சொல்லிப் பழகாதவன்."

அவன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "உள்ள எறங்கும்போது மூச்சப் புடிக்கோம். மேல வந்தா விட்டுருதோம்" என்றான். "இவளுக்கு மேல வர வழியில்லையோ?"

அவன் படத்தை மடக்கப் பார்த்தான். அது மடங்காது என்று தெரிந்து, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.

கருவியைக் கல்லூரியில் ஒப்படைத்தேன். அம்மையார் கத்தியை விரலால் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

நான் கிளம்பும் நாள் சவரிமுத்து பஸ் நிலையத்துக்கு வந்தான். கையில் பனையோலைப் பெட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டியது.

"சீலா மீன் கருவாடுய்யா. அவதான் கொடுக்கச் சொன்னா. நானே அறுத்து, நானே உப்புப் போட்டது."

உத்தியோகத்தில் இருந்தவரை யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதிர்பார்த்தது நன்றியை அல்ல என்று பஸ் நகர்ந்த பிறகுதான் புரிந்தது. அந்த உப்பை நான் வாங்குகிறேனா என்று பார்க்க நின்றிருக்கிறான்.

"ஊரு போயிச் சேருத வரைக்கும் கெடாதுய்யா" என்று ஜன்னலோரம் கூடவே ஓடிவந்து சொன்னான்.

இலங்கைக் கரை சேர்ந்ததும் இரண்டு சுங்க அதிகாரிகள், எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்து, அதில் பேசிக்கொண்டார்கள். "கிழவன் கருவாட்டுப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறான் பார்." இன்னொருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போகச் சொல்" என்றார். என் குப்பியை யாரும் கேட்கவில்லை. அது காலி.

பெட்டியை அடுக்களைப் பரணில் வைத்தேன். என் மனைவி இரண்டு முறை சமைக்கக் கேட்டாள். பிறகு ஆகட்டும் என்றேன். மழைக்காலம் தொடங்கிக் கொழும்பில் அரிசி, பருப்பு, செருப்பு எல்லாம் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தபோது, கோமதியிடமிருந்து செய்தி வந்தது. பிலோமினா போய்விட்டாள். கடைசிவரை தன் இரண்டு காலால் நடந்தாளாம். சவரிமுத்து இன்னும் கடலுக்குப் போகவில்லையாம்.

அன்று பெட்டியை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தேன். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுநடுவே வெள்ளை வெளேரென்ற உப்போடு அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்; முகர்ந்தேன். பழக்கதோஷத்தால் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் கவனமாகச் சோதித்தேன்.

அவன் சொன்னது சரி. கெடவில்லை.